நடுவில் நிற்கும் பணம்

விருதுநகரில் பணம் ஒரு கையிலிருந்து மறுகைக்கு நேராகப் போன காலம் முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்போது கொடுத்த பணம் நடுவில் போய் நின்றது. வாங்கியவரின் மனம் நிறைந்தால் விற்றவரைச் சேர்ந்தது. நிறையாவிட்டால் பதினைந்தாம் நாள் முடிவில் வாங்கியவரிடமே திரும்பியது. மனம் நிறைந்ததா என்று வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவர் இடது மணிக்கட்டிலும் கட்டியிருந்த பட்டை, நாடித்துடிப்பையும் தோலின் ஈரத்தையும் பார்த்துத் தானே முடிவு செய்தது. எந்தப் பொருளை நினைத்து மனம் நிறைந்தது என்பதையும் அது கண்டுகொண்டது. எப்படி என்று கேட்டவர்களுக்கு ஒரு கையேடு தரப்பட்டது. அதைப் படித்தவர் எவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது. எடையில் ஏய்ப்பது நின்றது. கலப்பட எண்ணெய் ஒழிந்தது. காசு கொடுத்துப் பாராட்டு எழுதி வாங்கிய கடைகளும், ‘திட்டி எழுதிவிடுவேன்’ என்று மிரட்டி இலவசமாகச் சாப்பிட்டவர்களும் ஒரே மாதத்தில் காணாமற்போயினர். பல் பிடுங்கும் மருத்துவர்கள் முதலில் பயந்தார்கள்; மூன்றாம் நாள் வலி போய்விடுவதால் பிழைத்துக்கொண்டார்கள். எதிலும் மனம் நிறையாத சிலருக்கு மட்டும் மளிகைக் கடைக்காரர்கள் முகத்தைப் பார்த்ததும் ‘சரக்கு இல்லை’ என்றார்கள். ஆகவே வீட்டில் எளிதில் மகிழ்பவர் எவரோ, அவரே பையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவது வழக்கமாயிற்று.

இந்த ஏற்பாட்டிலிருந்து சாவுக் காரியத் தொழில்களுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் விலக்கு இருந்தது. எட்டு மாதங்களுக்கு முன்னர், ஒழுங்கு கருதி, விலக்கு நீக்கப்பட்டது.

காசிலிங்கத்தின் கடை மதுரை சாலையில் இருந்தது. ‘அமைதி இறுதிப் பயணச் சேவை’ என்பது பெயர். சடலம் கெடாமல் வைக்கும் ஃப்ரீசர் பெட்டிகள் நான்கு, பிளாஸ்டிக் நாற்காலிகள் இருநூறு, சாமியானா இரண்டு, வேன் ஒன்று. எட்டு மாதங்களில் பெட்டி போன வீடுகளில் நாற்பத்தொன்றுக்குக் கணக்கு முடிந்திருந்தது. முப்பத்தெட்டு வீடுகளில் மனம் நிறையவில்லை. தொடக்கத்தில் எல்லாக் கடைக்கும் உரிய ஐம்பது மதிப்பெண், நிறைவொன்றுக்கு மூன்று கூடி, நிறைவின்மையொன்றுக்கு ஒன்று குறைந்து, இப்போது இருபத்தொன்றில் வந்து நின்றது. இருபதைத் தொட்டால் கடைக்குப் பணம் வரும் வழி அடைக்கப்படும். வேறு பணம் நாட்டில் இல்லை. தாலுகா அலுவலகத் தெருவில் ஓர் ஆசிரியர் வீட்டுக்குப் போன பெட்டியின் பதினைந்தாம் நாள், வரும் வெள்ளிக்கிழமை முடிகிறது. அந்த வீட்டில் இறந்தது ஆசிரியரின் மகள்.

காசிலிங்கம் முயலாமல் இருக்கவில்லை. சத்தம் குறைந்த மோட்டார் மாட்டினார். கண்ணாடியில் கீறல் இல்லாத பெட்டியையே அனுப்பினார். பன்னீரும் ஊதுபத்தியும் கணக்கில் சேர்க்காமல் கொடுத்தார். ஒரு வீட்டில், துக்கத்தின் விளிம்பில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த சகலை ஒருவரைப் பார்த்து அவர் பட்டையில் பணம் வாங்கினார். பிணம் எடுக்கும்போது அந்தச் சகலைதான் தெருவில் விழுந்து புரண்டு அழுதார். பிறகு ஒருநாள், பணம் திரும்பிப் போன வீடொன்றில் காசிலிங்கம் நேராகவே கேட்டுவிட்டார்.

“பொட்டியில ஏதும் கொறை இருந்துச்சாண்ணே?”

“பொட்டியில ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி. எங்கப்பாதான் இல்ல.”



கிடைத்த நிறைவுகள் மூன்றே. நிறைவு வந்தால், கையடக்கமான அறிவிப்புப் பெட்டி ஒன்று உரத்த குரலில் சொல்லும். அது வியாபாரியின் இடுப்பிலேயே தொங்க வேண்டும். வாயை அடைக்கக் கூடாது. ஊரறியச் சொல்லப்படும் நிறைவே நம்பிக்கை என்பது சட்டத்தின் முதல் வரி. மூன்று முறையும் காசிலிங்கம் கடையில் இருந்தபோதே அது பேசியது. “நிறைவு பெறப்பட்டது. ரூபாய் ஆறாயிரம் விடுவிக்கப்பட்டது. வாடிக்கையாளர் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி. மீண்டும் வருக.”

மூன்று முறையும் அவர் மனைவி இராசகனி உள்ளே இருந்தபடி, “வர வேண்டாம். நல்லா இருக்கட்டும்” என்றாள். இந்தத் தொழிலில் எவரையும் ‘வாங்க’ என்று சொல்லும் வழக்கமில்லை. வந்தவர்களும் ‘போய்ட்டு வர்றோம்’ என்று சொல்வதில்லை. சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் புறப்படுவதுபோல எழுந்து போய்விடுவார்கள்.

அந்த மூன்று பேர் யார் என்று அவள் கேட்டதுண்டு. பெயர்கள் அறிவிப்புப் பெட்டியின் திரையில் இருந்தன, காசிலிங்கம் பார்த்திருந்தார். அவற்றில் ஒன்று, அம்மாவுக்காகப் பெட்டி எடுத்துப் போன பெரிய மனிதர் ஒருவருடையது. “வெளியூர்க்காரங்க” என்று சொல்லித் திரையை அணைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, காசிலிங்கம் போட்டிருந்த மனுவை விசாரிக்க, இந்த ஏற்பாட்டை நடத்தும் நம்பகத் துறையின் பரிசோதகர் வந்தார். பெயர் மெர்சி பாக்கியம். நாற்பது வயதிருக்கும். நாற்காலியில் உட்காருமுன் அதைக் கைக்குட்டையால் துடைத்தார். அந்த நாற்காலிகள் எங்கெல்லாம் போய் வருபவை என்பதை அறிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். காசிலிங்கம் அதைப் பொருட்படுத்தவில்லை.

“பதினஞ்சு நாள பதினேழா ஆக்கணும்னு எழுதியிருக்கீங்க. என்ன காரணம்?”

“எங்க பக்கம் பதினாறாம் நாள்தான் காரியம் மேடம். அன்னைக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சு, சொந்தபந்தம் கறிச்சோறு தின்னு, புதுத்துணி எடுத்துக் குடுத்து, அதுக்கப்புறந்தான் வீட்டுல டிவியே போடுவாங்க. அதுவரைக்கும் மனசு நெறையக் கூடாது மேடம். நெறஞ்சாத்தான் தப்பு. உங்க கெடு பதினஞ்சாம் நாளே முடிஞ்சிருது. ஒரே ஒரு நாள்ல எனக்குப் போயிருது.”

“பதினாறாம் நாள் நெறஞ்சிருமா?”

காசிலிங்கம் யோசித்தார். “பாதிப் பேருக்கு நெறையும்” என்றார்.

மெர்சி குறித்துக்கொண்டார். “எங்க ஆளுங்களுக்கு நாப்பதாம் நாள் ஜெபம். இன்னொருத்தருக்கு வருஷத் திதி. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு காலண்டர் போட முடியாது அண்ணாச்சி.”

“பணத்தப் பதினாறாம் நாள் வாங்கிக்கிறேனே?”

“நடுவுல பணம் வந்து நிக்காம பொருள் கைமாறக் கூடாது. அதுதான சட்டமே.”

“அப்ப அழுகுறவங்ககிட்ட நெறவு எப்படி மேடம் வரும்?”

“அது எனக்குத் தெரியாது. உடம்பு பொய் சொல்லாதுங்கிறது மட்டுந்தான் தெரியும். வாய் சொல்லும், போன்ல போடுற அஞ்சு நட்சத்திரம் சொல்லும், கையெழுத்து சொல்லும். அதெல்லாம் பாத்து அலுத்துப் போயித்தான் இதக் கொண்டாந்தோம்.” அவர் குரலில் பெருமையோ வருத்தமோ இல்லை. மழை அளவு சொல்பவரின் குரல்.

“ஒருவேள மிஷின்லதான் கோளாறோன்னு...”

“அத மட்டும் சொல்லாதீங்க.” மெர்சி பேனாவை நிறுத்தினார். “பழுதுன்னு வியாபாரியே சொன்னா பத்து மதிப்பெண் போயிரும். அதுக்கு முன்னாடி எல்லாரும் மிஷின் மேல பழியப் போட்டுத் தப்பிச்சாங்க, அதனால. அதிகாரி நேர்ல பாத்து, பழுதுதான்னு எழுதினா வேற. அப்ப பழைய பதிவெல்லாம் செல்லாது. கடை முதல்ல இருந்து தொடங்கும். ஆனா நான் இந்த அஞ்சு வருஷத்துல ஒரு மிஷினக்கூடப் பழுதுன்னு எழுதினதில்ல. ஏன்னா ஒண்ணுகூடப் பழுதாகல.”

பிறகு, விதிப்படி, தம் பட்டையை அறிவிப்புப் பெட்டியருகே காட்டி ஒரு ரூபாய் செலுத்தினார்.

“இது சோதனை. பணம் போயி நடுவுல சரியா நிக்குதான்னு பாக்க. நான் எதுவும் வாங்கல, அதனால நெறவு வராது. பதினஞ்சாம் நாள் தானா எனக்குத் திரும்பிரும். இந்த ஒரு ரூபாய்க்கு உங்களுக்கு மதிப்பெண் கொறையாது.”

“நல்லது மேடம்” என்றார் காசிலிங்கம்.

அப்போது கைப்பேசி ஒலித்தது. மிளகாய் வற்றல் மண்டி தவசிமுத்து காலமாகிவிட்டார். எண்பத்தாறு வயது. பக்கவாதம் வந்து ஆறு ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவர். உடனே பெட்டி வேண்டும் என்றார்கள். ஒரு வீட்டில் பெட்டி வைப்பதை நேரில் பார்க்காமல் மனுவை முடிக்க இயலாது என்று மெர்சியும் வேனில் ஏறிக்கொண்டார்.

தவசிமுத்துவின் வீட்டு முற்றத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கியிருந்தார்கள். நடுவில் சாத்தூரிலிருந்து வந்துசேர்ந்த மூத்த மகள் வள்ளிமயில். மகன் ஞானகுரு வாசலில் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். யார் பணம் செலுத்துவது என்று காசிலிங்கம் கேட்டபோது ஞானகுரு உள்ளே பார்த்து, “சீனி!” என்றார். அவர் மனைவி சீனியம்மாள் வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பட்டையைக் காட்டினாள். ஆறாயிரம் ரூபாய் நடுவில் போய் நின்றது. வட்டமாக உட்கார்ந்திருந்தவர்கள் அனைவரும் அதைப் பார்த்தார்கள். துக்க வீட்டில் கண்கள் ஓய்ந்திருப்பதில்லை.

பெட்டியை இறக்கிச் செங்கல் வைத்து மட்டம் பார்த்தார் காசிலிங்கம். நான்கு பேர் தவசிமுத்துவைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். சீனியம்மாள் குனிந்து அவர் தலையை நேராக்கினாள். கையை எடுத்துவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். தலை நேராகவே இருந்தது. காசிலிங்கம் கண்ணாடி மூடியை இறக்கினார். மோட்டார் மெல்ல உறுமத் தொடங்கியது. சீனியம்மாள் மூடியின் மேல் ஒருமுறை உள்ளங்கையை வைத்தாள். பிறகு சுவரோரமாகப் போய், முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

காசிலிங்கத்தின் இடுப்பிலிருந்து தெளிவான பெண்குரல் எழுந்தது.

“நிறைவு பெறப்பட்டது. ரூபாய் ஆறாயிரம் விடுவிக்கப்பட்டது. வாடிக்கையாளர் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி. மீண்டும் வருக.”

ஒப்பாரி பாதி வரியில் நின்றது. பந்தலுக்குக் குழி தோண்டிய கடப்பாரைச் சத்தமும் நின்றது. ஃப்ரீசர் பெட்டியின் மோட்டார் மட்டும் நிற்கவில்லை.

“என்னது அது?” என்றாள் வள்ளிமயில். பதில் அவளுக்கே தெரிந்திருந்தது. மெல்ல எழுந்தாள். “எங்கப்பன் கண்ண மூடி முழுசா மூணு மணி நேரம் ஆகல. அதுக்குள்ள உனக்கு மனசு நெறஞ்சு போச்சா சீனி?”

சீனியம்மாள் நீட்டிய காலை மடக்கினாள். “மதினி...” என்றாள்.

“காலையில காப்பி குடுத்தியாமே, குடிச்சுட்டுத்தான் கண்ண மூடுனாராமே. அந்தக் காப்பியில என்ன போட்ட?”

“ஆறு வருஷம் பாத்தவளுக்கு ஏழாவது வருஷம் பாக்க முடியலையாக்கும்” என்றது வட்டத்திலிருந்து ஒரு குரல். “பொட்டியத் தொறங்கப்பா. டாக்டரக் கூப்பிட்டுப் பாக்கட்டும். போலீசுக்கும் சொல்லிருங்க” என்றது மற்றொன்று.

வாசலிலிருந்து ஞானகுரு உள்ளே வந்து மனைவியைப் பார்த்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தவளின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தை ஏறிட்டுப் பார்த்திருந்தால் வேறு ஏதேனும் தெரிந்திருக்கலாம். அந்த ஐந்தாண்டுப் பழக்கத்தில் எவரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

வள்ளிமயில், கழுத்தில் துறையின் அட்டை தொங்க நின்ற மெர்சியிடம் திரும்பினாள்.

“அம்மா, நீங்க ஆபீசரு. நாலு பேரு முன்னால நீங்களே சொல்லுங்க. இந்தப் பட்ட பொய் சொல்லுமா?”

இந்தக் கேள்விக்கு மெர்சியிடம் ஒரே விடைதான் இருந்தது. காலையில்கூட அதைச் சொல்லியிருந்தார். அவர் வாய் திறப்பதைக் காசிலிங்கம் பார்த்தார். இருபத்தொன்றோடு மூன்று சேர்ந்து மதிப்பெண் இருபத்துநான்கு ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமையைத் தாண்டிவிடலாம். அதற்கடுத்த இரண்டு வீடுகளையும் தாண்டலாம். பேசாமல் நின்றால் போதும்.

“ஆத்தா, பட்ட பொய் சொல்லாது. இது எங்கிட்ட இருக்கிற மிஷின் கோளாறு” என்றார் காசிலிங்கம்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

“எட்டு மாசமாவே இப்படித்தான். நெறவு வர்ற வீட்டுல கத்தாது, வராத வீட்டுல கத்தும். மாத்தணும் மாத்தணும்னு நான்தான் இழுத்துக்கிட்டே கெடந்தேன். அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னுது.”

“அண்ணாச்சி,” என்றார் மெர்சி. “என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரிஞ்சுதான் மேடம். எழுதிக்கோங்க.”

மெர்சி கையிலிருந்த மின்பலகையைத் திறந்தார். கடை எண் எழுதினார். ‘கருவி பழுதென விற்பவர் தாமே அறிவித்தார்’ என்ற கட்டத்தைத் தேடி, அதன்மேல் விரலைக் கொண்டுபோனார். பத்துப் போனால் பதினான்கு. விரல் கட்டத்தின் மேலேயே நின்றது. எதிரே, இருநூறு நாற்காலிகளையும் நான்கு பெட்டிகளையும் ஒரே வாக்கியத்தில் இழந்துவிட்ட மனிதர், அவிழ்ந்து கிடந்த மின்கம்பியை யார் காலிலும் தட்டாதபடி சுவரோரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“நிறைவு பெறப்பட்டது” என்றது அவர் இடுப்பிலிருந்த பெட்டி. “ரூபாய் ஒன்று விடுவிக்கப்பட்டது. வாடிக்கையாளர் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி. மீண்டும் வருக.”

மெர்சியின் வலக்கை, அவரை அறியாமல், இடது மணிக்கட்டை மூடியது. ஐந்தாண்டுப் பணியில் அவர் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

“இப்ப இது யாரு?” என்றாள் வள்ளிமயில்.

“நான்தான்.” மெர்சி மூடிய கையை எடுத்தார். குரலில் மாற்றமில்லை. “காலையில சோதனைக்காக ஒரு ரூபாய் போட்டேன். எதுவும் வாங்கல. வாங்காத பொருளுக்கு யாருக்காவது மனசு நெறையுமா? நீங்களே சொல்லுங்க.”

வள்ளிமயில் யோசித்தாள். “நெறையாது” என்றாள்.

“அப்ப கருவி பழுதுதான். நான் நேர்ல பாத்தாச்சு.” முதலில் தேடிய கட்டத்தை விட்டுவிட்டு அடுத்த கட்டத்தைத் தொட்டார். ‘பொருள் பெறாத சோதனைப் பணத்துக்கு நிறைவு பதிவானது. பழுது அதிகாரியால் உறுதி செய்யப்பட்டது.’ கையெழுத்திட்டு, பலகையை மூடினார்.

“சவத்து மிஷினு. ஒத்துமையா இருந்த வீட்டுல தீ வைக்கப் பாத்துச்சே” என்றாள் வள்ளிமயில். பிறகு உட்கார்ந்து, மார்பில் ஒருமுறை அடித்துக்கொண்டு, ஒப்பாரியை விட்ட சொல்லிலிருந்தே தொடங்கினாள். சீனியம்மாள் மட்டும் அழவில்லை. காசிலிங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்க்கவில்லை.

இருவரும் எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தார்கள்.

வேன் இரயில்வே கேட்டில் நின்றபோது காசிலிங்கம் கேட்டார்: “மேடம், மிஷின் நல்லாத்தான இருக்கு?”

“பழுதுன்னு எழுதியாச்சு.”

“அப்ப அந்த ஒரு ரூவா?”

“பழுதால வந்தது.”

சரக்கு வண்டி போய்க்கொண்டே இருந்தது. நாற்பத்திரண்டு பெட்டிகள்.

“அத வேணும்னா நான் திருப்பி அனுப்பிரட்டா?”

“பழுதுல வந்த பணமெல்லாம் தானாத் திரும்பிரும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்.” சரக்கு வண்டியைப் பார்த்தபடி, “நான் நெனச்சாலும் அத அங்கேயே விட்டுவைக்கச் சட்டத்துல வழியில்ல” என்றார்.

கேட் திறந்தது.

துறை தன் கடமையை முறையாகச் செய்தது. பழைய அறிவிப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுத்தது. மதிப்பெண் மீண்டும் ஐம்பது ஆயிற்று. எட்டு மாதமாகத் திரும்பிப் போன பணம் திரும்பிப் போனதாகவே இருந்தது. பதினேழு நாள் கேட்டுப் போட்ட மனு தள்ளுபடி செய்யப்பட்டது. மனுதாரர் ஆதாரமாகக் காட்டிய முப்பத்தெட்டு நிறைவின்மைகளும் பழுதான கருவியில் பதிவானவை என்பதால், அவற்றைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது என்று கடிதம் கூறியது. கீழே மெர்சி பாக்கியத்தின் கையெழுத்து இருந்தது. அவர் அதை எந்த முகத்தோடு போட்டார் என்பதைக் கடிதம் கூறவில்லை.

பதினெட்டாம் நாள் சீனியம்மாள் கடைக்கு வந்தாள். நெற்றியில் விபூதி. காரியத்துக்கு எடுத்த சேலையின் கஞ்சி இன்னும் விறைப்பாக இருந்தது. இராசகனி தண்ணீர் கொடுத்தாள்.

“பணம் எங்கிட்டயே திரும்பி வந்துருச்சு அண்ணாச்சி. பழுதுன்னு மெசேஜ் வந்துச்சு. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“வேண்டாம் தாயி.”

அவள் அதற்குள் பட்டையைக் காட்டியிருந்தாள். ஆறாயிரம் ரூபாய் மீண்டும் நடுவில் போய் நின்றது.

“அன்னைக்குக் கத்துச்சுல்ல,” என்றாள். “அது கோளாறு இல்ல.”

“நான் கேக்கலையே தாயி.”

“நீங்க கேக்கல. நான் யாருகிட்டயாவது சொல்லணும்ல.” தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள். “மாமாவுக்கு ஆறு வருஷமாக் கழுத்து நிக்காது. இடது பக்கமாச் சாஞ்சுக்கிட்டே இருக்கும். துண்டச் சுருட்டி முட்டுக் குடுப்பேன். அடுப்படிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நழுவிரும். மறுபடியும் குடுப்பேன். ஒரு நாளைக்கு முப்பது தடவ, நாப்பது தடவ. அன்னைக்கு உங்க பொட்டியில நேரா இருந்துச்சு. பாத்துக்கிட்டே நின்னேன். சாயல. சரி, இனி முட்டுக் குடுக்க வேண்டாம்னு உக்காந்தேன். அவ்வளவுதான் அண்ணாச்சி.”

இராசகனி அவள் அருகே வந்து நின்றாள். “இப்ப எப்படி இருக்க?”

“காலையில நாலு மணிக்கு முழிப்பு வந்துருதுக்கா. பொரட்டிப் போட ஆள் இல்ல.” அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, காசிலிங்கத்தின் இடுப்பைப் பார்த்தாள். “இது ஏன் இன்னும் கத்த மாட்டேங்குது?”

“புது மிஷினு தாயி. நல்ல மிஷினு.”

அவள் எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் போனாள்.

பதினைந்தாம் நாள் பணம் அவளிடமே திரும்பிற்று. மதிப்பெண் ஒன்று குறைந்தது. மறுநாள் காலை அவள் மீண்டும் அனுப்பினாள். மீண்டும் திரும்பிற்று. மூன்றாம் முறை காசிலிங்கம் கைப்பேசியில் அழைத்துக் கெஞ்சினார்.

“அனுப்பாத தாயி. நீ அனுப்ப அனுப்ப எனக்கு மதிப்பெண் கொறையுது.”

“அனுப்பாம விட்டா மாமா அந்தப் பொட்டியில ஓசியில படுத்த மாதிரி ஆகாதா அண்ணாச்சி? அவரு மண்டியில ஒரு வத்தல் ஓசியா வாங்குனதில்ல.”

அவள் அனுப்பினாள், அது திரும்பிற்று. இரண்டு வாரத்துக்கொரு முறை ஆறாயிரம் ரூபாய் மிளகாய் மண்டித் தெருவிலிருந்து புறப்பட்டு, மதுரை சாலைக்கு வந்துசேராமல், நடுவில் நின்று, வீடு திரும்பியது. மற்ற வீடுகளும் அழத்தான் செய்தன. மதிப்பெண் நாற்பத்தொன்றுக்கு வந்தது. காசிலிங்கம் சுவர்க் காலண்டரில் இருபதைத் தொடும் நாளைத் தோராயமாகக் குறித்துவைத்தார். அது ஆவணி மாதத்தில் விழுந்தது.

ஆனி மாதத்தில் ஒரு புதன்கிழமை. நண்பகல். அவர் கால் உடைந்த நாற்காலி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். வெயில் கடைக்குள் பாதிவரை வந்திருந்தது.

“நிறைவு பெறப்பட்டது. ரூபாய் ஆறாயிரம் விடுவிக்கப்பட்டது.”

அன்று நடுவில் நின்றிருந்த ஆறாயிரங்கள் மூன்று. அவர் கையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். சீனியம்மாளின் பெயர் இருந்தது. பகல் பன்னிரண்டே காலுக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது, அவள் எதைப் பார்த்தாள், எதை நினைத்தாள், அல்லது எதுவும் நினையாமல் சற்றுக் கண்ணயர்ந்தாளா என்பதெல்லாம் திரையில் இல்லை. அவரும் திரையை அணைத்தார்.

“வாடிக்கையாளர் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி,” என்றது பெட்டி. “மீண்டும் வருக.”

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த இராசகனி, யாரென்று கேட்கவில்லை.

“வர வேண்டாம் தாயி,” என்றாள். “நல்லா இரு.”